பற்றரி இல்லாமல் பாடிய வானொலி

பழைய வானொலிப் பெட்டி ஒன்று மௌனமாகிவிட்டால், பழுது பெரும்பாலும் அதற்கு மின் ஊட்டும் பகுதியில்தான் இருக்கும். அலைகளைத் தெரிந்தெடுக்கும் கம்பிச்சுருளும் ஒலிபெருக்கியின் காந்தமும் எழுபது எண்பது வருடம் தாக்குப்பிடிக்கின்றன. பற்றரியோ ஓரிரு வருடத்தில் கசிந்து பெட்டியை அரிக்கிறது. மின்பகு கொண்டென்சர் உள்ளே காய்ந்துபோகிறது. போர் ஊர்தி வானொலிகளில் மின்னழுத்தத்தை உயர்த்தித் தந்த அதிர்வி, தன் தொடுமுனைகளைத் தானே எரித்துக்கொள்கிறது. இவற்றை முன்பு உற்பத்தி செய்த தொழிற்சாலைகள் பல இன்று இல்லை. ஆகவே இரண்டாம் உலகப்போர்க் கால வானொலிகளைப் பேணுவோர் இந்த உறுப்புகளைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அவர்களுக்கு அது விருப்பத்தால் செய்யும் வேலை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990களில் அதற்கு மிக நெருங்கிய வேலையைச் சாதாரண மக்கள் தேவையால் செய்தார்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் என்று நீண்ட தடைப் பட்டியலில் உலர் பற்றரியும் இருந்தது. வெளிச்சத்துக்கு ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கு வந்தது. வானொலிக்குச் சைக்கிள் வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிபலகையைக் கையால் சுற்ற, பின் சில்லோடு உரசிக்கொண்டிருக்கும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் வானொலிக்குப் போகும். சுற்றியிருந்தவர்கள் பி.பி.சி. தமிழோசை, வெரித்தாஸ், திருச்சி வானொலி என்று கேட்டார்கள். இந்தக் காட்சி யாழ்ப்பாணத்தவர் எழுதிய நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் பின்னாலுள்ள பௌதிகம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இல்லாத உறுப்புக்கு மாற்றுச் செய்வது எப்படி என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

முதலில், அங்கே இல்லாமற்போன உறுப்பு எத்தகையது என்று பார்க்கவேண்டும். சாதாரண உலர் பற்றரி ஒரு நாகக் குவளை. நடுவில் காபன் கோல். அதைச் சுற்றி மங்கனீசு ஈரொட்சைட்டும் காபன் தூளும் கலந்த கருமையான பசை. இடையில் அமோனியம் குளோரைட்டு அல்லது நாகக் குளோரைட்டு ஊறிய படலம். நாகம் கரையும்போது விடுபடும் இலத்திரன்கள் வெளிச்சுற்று வழியாகக் காபன் கோலுக்கு ஓடுகின்றன. ஒரு கலம் தருவது 1.5 வோல்ற்று. நான்கு கலங்களைத் தொடராக வைத்தால் 6 வோல்ற்று. வானொலிக்கு இதில் மூன்று குணங்கள் முக்கியம்: ஓட்டம் எப்போதும் ஒரே திசையில் செல்கிறது, அழுத்தம் சட்டென ஏறி இறங்குவதில்லை, ஒலி உரக்க எழும் கணத்தில் கூடுதல் ஓட்டம் கேட்டாலும் தயங்காமல் கொடுக்கிறது. மாற்று உறுப்பு எந்த வடிவத்தில் இருந்தாலும் இந்த மூன்றையும் செய்தாகவேண்டும்.

தீர்ந்த பற்றரியை வெயிலில் வைத்து மீண்டும் பாவிக்கும் வழக்கம் தெற்காசியா முழுவதும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஓட்டம் எடுக்க எடுக்கத் தாக்கத்தின் விளைபொருள்கள் காபன் கோலைச் சுற்றித் தேங்கிக் கலத்தின் உள் தடையைக் கூட்டுகின்றன. சற்று ஓய்வும் சூடும் கிடைத்தால் அவை பரவிக் கலைகின்றன. அழுத்தம் கொஞ்ச நேரத்துக்கு மீள்கிறது. ஆனால் கரைந்த நாகம் திரும்புவதில்லை. செய்தி முடியும்வரை பெட்டி பேசினால் அதுவே பெரிய காரியம். அடுப்பருகே வைப்பவர்களும் உண்டு. மூடிய கலம் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும் என்பதால் அது வீண் ஆபத்து.

இனி டைனமோ. சைக்கிள்காரர் டைனமோ என்று சொல்லும் அந்தப் போத்தல் வடிவக் கருவி உண்மையில் ஆடலோட்டம் தரும் பிறப்பாக்கி. நடுவில் சுழல்வது ஒரு நிலைக்காந்தம். அதன் விளிம்பில் வடக்கும் தெற்கும் மாறி மாறிப் பெரும்பாலும் எட்டு முனைகள் இருக்கும். காந்தத்தைச் சுற்றி அசையாத கம்பிச்சுருள் உண்டு. முனைகள் சுருளைக் கடக்கும்போது சுருளினூடான காந்தப் பாயம் ஏறி இறங்குகிறது. மாறும் பாயம் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது 1831ல் மைக்கேல் பரடே கண்ட விதி. பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவுக்கு அழுத்தம் கூடும். வழக்கமான டைனமோவின் மதிப்பீடு 6 வோல்ற்று, 3 வாற்று. மணிக்கு 15 கிலோமீற்றர் அளவான வேகத்தில் அது ஏறத்தாழ அரை அம்பியர் தரும். இதில் முன்விளக்குக்கு 2.4 வாற்றும் பின்விளக்குக்கு 0.6 வாற்றும் போகும்.

தலைகீழாக நிறுத்திய சைக்கிளில் இந்த வேகத்தை எட்டுவது சுலபம். யாழ்ப்பாணத்தில் பரவலாக ஓடிய றலி, லுமாலா போன்ற 28 அங்குலச் சைக்கிளின் சில்லு ஒரு சுற்றில் சுமார் 2.2 மீற்றர் கடக்கும். முன் பற்சில்லும் பின் பற்சில்லும் சேர்ந்து மிதிபலகையின் ஒரு சுற்றைச் சில்லின் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றாக்குகின்றன. விநாடிக்கு ஒரு சுற்று சுற்றினாலே ரயரின் விளிம்பு விநாடிக்கு 5.5 மீற்றர் வேகத்தில் ஓடும். மணிக்கு 20 கிலோமீற்றர். சிறு பிள்ளையின் கைக்கும் இது பெரிய பாரமில்லை. ஏனென்றால் வானொலி கேட்கும் வலு மிகக் குறைவு. நான்கு பற்றரி போடும் திரான்சிஸ்டர் வானொலி மெல்லிய ஒலியில் 20 முதல் 50 மில்லி அம்பியரும், உரத்த ஒலியில் 100 முதல் 200 மில்லி அம்பியரும் எடுக்கும். உச்சத்தில்கூட ஒன்றேகால் வாற்றைத் தாண்டாது. நல்ல உடல்நிலையுள்ள ஒருவர் மிதித்து நீண்ட நேரம் தரக்கூடிய 75 வாற்றோடு ஒப்பிட்டால் அது அற்பம். சுற்றுபவர் செலவழிக்கும் பலத்தின் பெரும்பங்கு ரயருக்கும் டைனமோ உருளைக்கும் இடையிலான உரசலிலேயே போய்விடுகிறது.

இனித்தான் சிக்கல் தொடங்குகிறது. டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு டயோட்களைப் பாலம்போல் இணைத்தால், ஓட்டம் எந்தத் திசையில் வந்தாலும் வெளியே ஒரே திசையில் போகும். சிலிக்கன் டயோட் ஒன்று ஏறத்தாழ 0.7 வோல்ற்றைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். ஓட்டம் எப்போதும் இரண்டைக் கடப்பதால் இழப்பு 1.4 வோல்ற்று. இந்த டயோட்களைத் தேடி அலையவேண்டிய தேவையும் குறைவு. வீட்டு மின்சாரத்தில் ஓடக்கூடிய எந்த ரேடியோ கசெற் பெட்டிக்குள்ளும், மின்மாற்றிக்கு அடுத்தபடியாக, இதே பாலம் இருக்கிறது. மின்மாற்றியின் தாழ் அழுத்தச் சுருளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டைனமோவின் இரு வயர்களையும் கொடுத்தால் மிச்ச வேலையைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். மின்சாரம் இல்லாத ஊரில் அந்தச் சீராக்கி வேறெதற்கும் தேவைப்படவில்லை.

டயோட்களைக் கடந்த ஓட்டம் ஒரே திசையில் போனாலும் துடித்துத் துடித்துத்தான் வரும். அதைச் சமன்செய்வது கொண்டென்சர். துலாவால் இறைக்கும் நீர் பட்டை பட்டையாக வந்து விழுந்தாலும், இடையில் தொட்டி ஒன்று இருந்தால் வாய்க்காலில் சீராக ஓடும். கொண்டென்சர் அந்தத் தொட்டி. எவ்வளவு பெரிய தொட்டி தேவை என்பதற்குக் கணக்கு எளிது. துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை வானொலி எடுக்கும் ஓட்டத்தால் பெருக்கி, கொண்டென்சரின் கொள்ளளவால் பிரித்தால் அழுத்தம் எவ்வளவு தளம்பும் என்று வரும். வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சீராக்கியபின் துடிப்பு விநாடிக்கு 100. அதாவது இடைவெளி நூறில் ஒரு விநாடி. 100 மில்லி அம்பியர் எடுக்கும் வானொலிக்கு 1000 மைக்ரோபரட் கொண்டென்சரை வைத்தால் தளம்பல் ஒரு வோல்ற்று. காதில் இரைச்சல் நன்றாகவே கேட்கும்.

டைனமோவின் உருளை சிறியது. சுற்றளவு ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் அது விநாடிக்கு 60 தடவை சுழலும். எட்டு முனைகள் ஒரு சுற்றுக்கு நான்கு அலை தருவதால் அதிர்வெண் 240 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். சீராக்கியபின் துடிப்பு 480. அதே கொண்டென்சரில் தளம்பல் இப்போது ஒரு வோல்ற்றில் ஐந்தில் ஒரு பங்குதான். துடிப்பைச் சமன்செய்யும் வேலையில் மட்டும் பார்த்தால், சைக்கிள் டைனமோ நாட்டின் மின்விநியோக வலையைவிட நல்ல மூலம்.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதில் அப்படிச் சொல்லமுடியாது. சுமை எதுவும் இல்லாதபோது டைனமோவின் அழுத்தம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். விரைந்து சுற்றினால் 20 வோல்ற்றையும் தாண்டும். விளக்குகள் மாட்டியிருக்கையில் இது நடப்பதில்லை. காரணம் சுருளின் தூண்டல் மறிப்பு. வேகம் கூடினால் தூண்டப்படும் அழுத்தம் கூடுகிறது. கூடவே அதிர்வெண்ணும் கூடுவதால் சுருளின் மறிப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, ஓட்டம் அரை அம்பியருக்குக் கிட்டவே நின்றுவிடுகிறது. டைனமோ மாறா அழுத்தம் தரும் கருவி என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். அது ஏறக்குறைய மாறா ஓட்டம் தருவது. அரை அம்பியர் தரப் பழகிய கருவியில் 50 மில்லி அம்பியர் கேட்கும் வானொலியை மட்டும் தொடுத்தால், செலவாகாத மிச்சம் அழுத்தமாக எழும்பும். 16 வோல்ற்றுக்கு மதிப்பிட்ட கொண்டென்சர் வீங்கும். ஒலி பெருக்கும் திரான்சிஸ்டர்கள் சூடாகிச் சாகும்.

தீர்வு அருகிலேயே இருக்கிறது. சைக்கிளின் முன்விளக்கைக் கழற்றாமல் சமாந்தரமாக விட்டுவிட்டால் மிச்ச ஓட்டத்தை அது எரித்துவிடும். அழுத்தம் 6 வோல்ற்றுக்குப் பக்கத்தில் கட்டுப்படும். இருட்டில் வானொலியின் முள்ளைத் திருப்ப வெளிச்சமும் கிடைக்கும். 6.2 வோல்ற்று சீனர் டயோட் கையில் இருந்தால் இன்னும் துல்லியம். சுற்றும் வேகம் தளர்ந்தாலோ நேர் எதிரான தொல்லை: அழுத்தம் விழ, பாட்டு அமுங்கும். கசெற் ஓட்டினால் மோட்டாரே தளர்ந்து பாடகரின் குரல் தடித்துப்போகும். பெரிய கொண்டென்சர் இதைத் தீர்க்காது. அது தாங்குவது விநாடியின் சிறு பங்கைத்தான். தேய்ந்த ஈய அமிலப் பற்றரி ஒன்றை இடையில் வைத்தால் தீரும். 6 வோல்ற்று மோட்டார் சைக்கிள் பற்றரி வண்டிக்கு உதவாத அளவு பலமிழந்திருந்தாலும் வானொலிக்குப் போதும்.

அந்த வருடங்களில் குடாநாட்டு வானொலிகளுக்கு இயற்கையும் ஒரு சலுகை தந்தது. மத்திய அலையைக் கெடுக்கும் இரைச்சலில் பெரும்பகுதி மின்கம்பிகள், மோட்டார்கள், குழல் விளக்குகள் ஆகியவற்றிலிருந்து வருவது. மின்சாரம் நின்ற ஊரில் அந்த இரைச்சலும் நின்றது. திருச்சிராப்பள்ளி யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் 190 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது. இடையில் பாக்கு நீரிணை. உப்புநீர் நல்ல கடத்தி என்பதால், நிலத்தை ஒட்டிச் செல்லும் மத்திய அலை கடலின்மேல் வரண்ட தரையில் தேய்வதைவிட மிகக் குறைவாகவே தேய்கிறது. பி.பி.சி.யும் வெரித்தாசும் வந்த சிற்றலைகளின் வழி வேறு. அவை வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருபவை. அதனால்தான் குரல் ஏறி இறங்கிக் கரைந்து வரும். அந்தத் தளம்பலுக்குச் சைக்கிள் சுற்றியவர் பொறுப்பில்லை என்றாலும் ஏச்சு விழுவது அவருக்குத்தான்.

மனித பலத்தால் வானொலி இயக்குவது யாழ்ப்பாணத்தில் முளைத்த எண்ணம் என்று சொல்லமுடியாது. அவுஸ்திரேலியாவில் அல்பிரட் ட்ரேகர் 1929ல் மிதித்து இயக்கும் வானொலியைச் செய்தார். பறக்கும் மருத்துவர் சேவையைத் தொலைதூரப் பண்ணைகளோடு அது இணைத்தது. இரண்டாம் உலகப்போரில் கடலில் விழும் விமானிகளுக்காக ஜெர்மானியர் கையால் சுற்றும் அபாய ஒலிபரப்பி ஒன்றை உருவாக்கினார்கள். பிரித்தானியர் அதில் ஒன்றைக் கைப்பற்றிப் பிரதி செய்தார்கள்; அமெரிக்கரும் செய்தார்கள். தொடைகளுக்கு இடையில் இடுக்கிப் பிடிக்க வசதியாக இடை ஒடுங்கிய அந்தப் பெட்டிக்கு அமெரிக்கப் படையினர் கிப்சன் கேர்ள் என்று பெயர் வைத்தார்கள். தரைப்படை வானொலிகளுக்கு இருக்கையோடு கூடிய கைச்சுற்றுப் பிறப்பாக்கிகளும் வந்தன. 1990களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ட்ரெவர் பெய்லிஸ் சாவி முறுக்கி இயக்கும் வானொலியைச் சந்தைக்குக் கொண்டுவந்து உலகப் புகழ்பெற்றார். அதே வருடங்களில் கோண்டாவிலிலும் பருத்தித்துறையிலும் சைக்கிள்கள் சுழன்றுகொண்டிருந்ததை அந்த உலகம் அறியவில்லை. பெய்லிஸின் சுருள்வில்லில் ஒரு மேன்மை உண்டு: அது சீரான வேகத்தில் விரியும். சைக்கிளுக்கு ஒரு மேன்மை: அது ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

போர் ஊர்தி வானொலியின் கதை இதைவிடக் கடினமானது. காரணம் வால்வு. திரான்சிஸ்டர் 6 வோல்ற்றில் வேலை செய்யும். வால்வுக்கு இழையைச் சூடாக்க ஒரு தாழ் அழுத்தமும், சூடான இழையிலிருந்து இலத்திரன்களை வெற்றிடத்தினூடே இழுக்க நூற்றுக்கணக்கான வோல்ற்றும் வேண்டும். பிரித்தானிய டாங்கிகளில் பொருத்தப்பட்ட 19ஆம் இலக்க வானொலி இதற்கு நல்ல உதாரணம். அதைப் பை (Pye) நிறுவனம் போரின் தொடக்கத்தில் வடிவமைத்தது. 15 வால்வுகள் கொண்டது. 2 முதல் 8 மெகாஹேர்ட்ஸ்வரை இயங்கியது. கனடாவில் செய்யப்பட்டுச் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பப்பட்ட பெட்டிகளில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். ஊர்தியின் 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 270 வோல்ற்றும் 500 வோல்ற்றும் அதற்கு உண்டாக்கவேண்டியிருந்தது. நேரோட்டத்தை மின்மாற்றி உயர்த்தாது என்பதால் அன்று இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று சுழல் மாற்றி. ஒரே தண்டில் இரு சுருள். ஒரு பக்கம் 12 வோல்ற்றில் ஓடும் மோட்டார், மறுபக்கம் உயர் அழுத்தம் தரும் பிறப்பாக்கி. இதில் முதலில் தேய்வது காபன் பிறஷ். பெரிய மோட்டாரின் பிறஷை அராவிச் சிறிதாக்கி இதற்குப் பொருத்தலாம். ஆனால் எந்தப் பக்கத்துக்கு எது என்று பார்க்கவேண்டும். அதிக ஓட்டம் செல்லும் தாழ் அழுத்தப் பக்கத்துக்குச் செம்புத் தூள் கலந்த பிறஷ் தேவை. உயர் அழுத்தப் பக்கத்துக்குக் காபன் மட்டும் போதும். மாற்றிப் போட்டால் அளவு கச்சிதமாக இருந்தும் பொறி பறந்து திசைமாற்றியின் செம்பு அரிபடும். வடிவத்தை அப்படியே பிரதிசெய்து தொழிலைத் தவறவிடுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மற்றது அதிர்வி. அலுமினியக் குவளைக்குள் ஒரு மெல்லிய உருக்கு நாக்கு, பக்கத்தில் மின்காந்தம், நாக்கின் இருபுறமும் தொடுமுனைகள். ஓட்டம் வந்ததும் நாக்கு இழுபட்டு, தொடுப்பு அறுந்து, மீண்டு, விநாடிக்கு 100 முதல் 115 தடவை துடிக்கும். பற்றரியின் நேரோட்டத்தை அது மின்மாற்றியின் ஒரு பாதிச் சுருளுக்கும் மறுபாதிக்கும் மாறி மாறிக் கொடுக்க, மறுபக்கத்தில் உயர் அழுத்த ஆடலோட்டம் கிடைக்கும். போருக்குப் பின் வந்த கார் வானொலிகளும் திரான்சிஸ்டர் பரவும்வரை இதே அதிர்வியில்தான் ஓடின.

யாழ்ப்பாணத்துக் கார் மெக்கானிக் ஒருவருக்கு இந்தக் கருவியை விளக்கவேண்டிய தேவை அதிகமிராது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்களின் எரிபற்றலும் இதே தத்துவம்: தொடுமுனை திறந்து மூடுகிறது, சுருளில் ஓட்டம் அறுகிறது, உயர் அழுத்தம் பிறக்கிறது, தொடுமுனைக்குக் குறுக்கே ஏறத்தாழ 0.2 மைக்ரோபரட் கொண்டென்சர் பொறியைத் தணிக்கிறது. அந்தக் கொண்டென்சர் செத்தால் தொடுமுனை கருகும். அதிர்வியிலும் அப்படியே. மின்மாற்றியின் உயர் அழுத்தப் பக்கத்தில் 1600 வோல்ற்றுக்கு மதிப்பிட்ட சிறு கொண்டென்சர் ஒன்று இருக்கும். புதிய அதிர்வியைப் போட்டுவிட்டுப் பழைய கொண்டென்சரை விட்டுவைத்தால் புதியதும் சீக்கிரம் எரியும்.

அந்தக் கார்கள் குடாநாட்டில் தங்கியதே ஒரு பாடம். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடும் பின்னர் போரும் சேர்ந்து, 1950களின் பிரித்தானியக் கார்களை அங்கே ஓய்வுபெற விடவில்லை. பெற்றோல் இல்லாத காலத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அமுக்கம் கூடினால் முன்கூட்டியே வெடித்துத் தட்டும். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில் தாழ்ந்திருந்ததால் தாங்கின. பேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை இதே முறைக்காகவே தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்டது. கிடைக்காத உதிரிகள் கடைச்சல் பட்டறைகளில் பிறந்தன.

அதிர்விக்கு இன்றைய மாற்று, அதே குவளைக்குள் அதே ஊசிக்கால்களோடு வைக்கப்படும் இரண்டு மின்புலத் திரான்சிஸ்டர்களும் அவற்றை மாறி மாறித் திறந்து மூடும் சிறிய அலையியற்றியும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதிர்வியின் முனகல் மட்டும் இராது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண அதிர்விக்கு நேர்முனை எது, எதிர்முனை எது என்ற கவலை இல்லை. திரான்சிஸ்டருக்கு உண்டு. 1950களின் பிரித்தானியக் கார்களில் நேர்முனைதான் உடற்சட்டத்தோடு இணைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் சொருகினால் புதிய உறுப்பு ஒரு கணத்தில் போய்விடும்.

பற்றரியைப் பிரதிசெய்வோரும் இருக்கிறார்கள். அமெரிக்கப் படையின் கைவானொலி ஒன்றுக்கு 103.5 வோல்ற்று உலர் பற்றரி வேண்டியிருந்தது, 1.5 வோல்ற்றுக் கலங்கள் 69 தொடராக. இன்று கடையில் கிடைக்கும் 9 வோல்ற்றுப் பற்றரிகள் பன்னிரண்டைத் தொடுத்து, பழைய எழுத்தோடு அச்சிட்ட மட்டைப் பெட்டிக்குள் வைத்தால் வேலை முடிந்தது. 108 வோல்ற்றை அந்த வால்வுகள் பொறுத்துக்கொள்ளும்.

வால்வை வீட்டில் செய்யமுடியாது. வெற்றிடமும் கண்ணாடி ஒட்டும் நுட்பமும் தொழிற்சாலைக்கு உரியவை. அதிட்டவசமாகப் போர்க்காலத்தில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட 807 போன்ற வகைகள் இன்னும் கையிருப்பில் கிடைக்கின்றன. இறப்பர் உறையிட்ட வயர்கள் வெடித்து உதிர்ந்திருக்கும். பருத்தி நூல் உறையை மேலே இழுத்துப் புதிய வயரைப் பழையதுபோல் காட்டலாம். பேக்கலைற் திருகுகள் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாத பிளாத்திக்கு. நல்ல ஒன்றைச் சிலிக்கோன் இறப்பரில் அச்செடுத்துப் பிசினில் வார்க்கிறார்கள். முப்பரிமாண அச்சுப்பொறியைப் பாவிப்போர் பொருளைத் தெரிவதில் கவனிக்கவேண்டும். மலிவான பி.எல்.ஏ. இழை 60 பாகை செல்சியசில் இளகும். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் கண்ணாடி மூடிய வாகனத்தின் உள்ளே அது வளைந்து தொங்கிவிடும்.

வெப்பவலயத்தின் ஈரம் அன்றைய படைகளையும் வாட்டியது. பர்மா, பசுபிக் களங்களில் வானொலிகள் பூஞ்சணம் பிடித்துச் செத்ததால், பூஞ்சணக் கொல்லி கலந்த வார்னிசை உட்புறம் முழுவதும் தெளித்தார்கள். குடாநாட்டில் கடலோ நீரேரியோ எட்டாத இடம் இல்லை. உப்புக்காற்று செம்பில் பச்சை ஏற்றும். புதிய உறுப்பைப் பூட்டியபின் அதே பாதுகாப்பைச் செய்யாவிட்டால் அடுத்த மாரிக்குள் பழுது திரும்பும்.

இராணுவ வானொலியின் உறுப்பு வேறொரு வாழ்க்கை பெறுவதும் இலங்கைக்குப் பழக்கமானதே. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923ல் கொழும்பில் சோதனை ஒலிபரப்புகளைத் தொடங்கினார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டே அதற்கான ஒலிபரப்பி கட்டப்பட்டது. 1925 டிசம்பர் 16ல் முறையான சேவை ஆரம்பமானது. பின்னாளில் இலங்கை வானொலியாக வளர்ந்தது அதுதான்.

பழைய பெட்டி ஒன்று கைக்கு வந்தால் உடனே மின் கொடுத்துப் பார்ப்பது பெரும் தவறு. வருடக்கணக்கில் கிடந்த மின்பகு கொண்டென்சரின் உள்ளேயுள்ள ஒட்சைட்டுப் படலம் மெலிந்திருக்கும். முழு அழுத்தமும் ஒரேயடியாக விழுந்தால் வெடிக்கும். மெழுகுக் காகிதக் கொண்டென்சர்கள் ஈரம் குடித்திருக்கும்; அவற்றைச் சோதிக்காமலே மாற்றுவது நல்லது. மின்னை நிறுத்தியபின்னும் 500 வோல்ற்று உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால், தடையி ஒன்றின் வழியாக அதை இறக்கிய பிறகே கைவைக்கவேண்டும். இருட்டில் ஒளிர்வதற்காகச் சில இராணுவ அளவுமானிகளின் முள்ளில் ரேடியம் பூசியிருக்கும். அதைச் சுரண்டக்கூடாது, தூளைச் சுவாசிப்பது ஆபத்து.

19ஆம் இலக்க வானொலிக்குச் சுற்றுவரைபடமும் உறுப்புப் பட்டியலும் அச்சில் இருக்கின்றன; உலகின் எந்த மூலையிலும் ஒருவர் அதைப் பார்த்து உறுப்பைத் திரும்பச் செய்யலாம். யாழ்ப்பாணத்து டைனமோ வானொலிக்கு அப்படி ஒரு தாளும் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையின் வேலை. ஆகவே வீட்டுப் பரணில் அந்தக் காலத்து வானொலி இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன் முதுகு மூடியைக் கழற்றிப் பாருங்கள். பிறகு வந்த வயர் எது, டயோட் எங்கே ஒட்டப்பட்டது, கொண்டென்சரின் மேல் எழுதிய எண் என்ன என்று படமெடுத்து, செய்தவர் பெயரையும் வருடத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.